சின்ன கேம்பிங் ட்ரெய்லர் டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்? மலை ரோட்டுல போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வேனுக்கோ ஜீப்புக்கோ பின்னால ஒரு சின்ன ட்ரெய்லர மாட்டிக்கிட்டு, உள்ள ரெண்டு பேர் படுக்க மெத்தை, பின்பக்கம் குட்டி கிச்சன், கேஸ், தண்ணி டேங்க்னு ஏத்திக்கிட்டு இலங்கை மலையகத்துல நுவரெலியா, அப்புத்தளை, எல்ல பக்கம் போறவங்களுக்காக எழுதுறது இது. என்ஜின் பத்தியும் பிரேக் பத்தியும் நல்லா விசாரிக்கிறாங்க, ட்ரெய்லர் டயர் காத்த மட்டும் பெற்றோல் செட்ல நிக்கிற தம்பி கையில விட்டுடுறாங்க, அவரும் வேனுக்கு அடிச்ச அதே கணக்க ட்ரெய்லருக்கும் அடிச்சு அனுப்பிடுறார். மலை ரோட்டுல இது ஆபத்தான பழக்கம். அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள எல்லாம் ஒரே இடத்துல போட்டுருக்கேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

வேன் டயருக்கு 32 அடிக்கிறோமே, ட்ரெய்லருக்கும் 32 போதாதா?

போதாது. வேன் கதவோரத்துல ஒட்டியிருக்கிற நம்பர் அந்த வேனோட எடைக்கும் அந்த வேன் டயருக்கும் கம்பெனிக்காரன் பாத்துப் போட்டது, அதுக்கும் உங்க ட்ரெய்லருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வேன்ல நாலு டயர் எடைய பங்கு போட்டுக்குது. சின்ன ட்ரெய்லர்ல பெரும்பாலும் ஒரே அக்ஸில், ரெண்டே டயர், மொத்த சுமையில பெரும்பங்கு அந்த ரெண்டு மேலதான். அதுபோக வேன் டயர்ல காத்து எறங்குனா ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், உங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். ட்ரெய்லர் டயர்ல பாதி காத்து போனாலும் முன்னால உக்காந்திருக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது, பின்னால வர்ற பஸ்காரர் ஹோர்ன் அடிச்சு கையக் காட்டினாத்தான் உண்டு.

காத்து கம்மியா இருந்தா டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நசுங்கி நிமிருது. ஒரு கம்பிய திருப்பித் திருப்பி வளைச்சா சூடாகுமே, உள்ள நடக்கிறது அதுதான். அந்தச் சூட்டுலதான் ரப்பரும் உள்ள இருக்கிற நூலும் கம்பியும் ஒண்ண விட்டு ஒண்ணு பிரியுது, கடைசியில மேல்பட்டை கழண்டு வருது. ரோட்டுல வெடிக்கிற ட்ரெய்லர் டயர்ல நிறைய காத்து கூடிப்போய் வெடிக்கிறது இல்ல, காத்து கொறைஞ்சோ சுமை கூடியோ சூடாகித்தான் வெடிக்குது.

அப்ப எந்த நம்பர எங்க பாக்கணும்?

முதல்ல ட்ரெய்லர்லயே தேடுங்க. கம்பெனியில செஞ்ச ட்ரெய்லர்னா டொவ்பார் (வேனோட மாட்டுற முன்பக்கக் கம்பி) கிட்டயோ கதவோரத்துலயோ ஒரு தகடு இருக்கும், டயர் சைஸ், தாங்குற எடை, காத்து எவ்வளவுன்னு மூணும் அதுல இருக்கும். அந்தத் தகட்டுல இருக்கிற அதே சைஸ் அதே ரகம் டயர்தான் இப்பவும் போட்டிருக்குன்னா மேல யோசிக்க வேண்டாம், அந்த நம்பர அடிங்க.

நம்ம ஊர்ல நிறைய ட்ரெய்லர் கராஜ்ல செஞ்சது, தகடு கிடையாது. அப்ப டயரோட பக்கச் சுவரத்தான் படிக்கணும். மண்ண தொடச்சிட்டு போன் லைட்ட சாய்ச்சுப் பிடிச்சு பாருங்க, உதாரணத்துக்கு 165ஆர்13சி, 94/92, 8பிஆர்னு இருக்கும். 13 வந்து ரிம்மோட அங்குலம். சி வந்தா அது லொறி வேன் மாதிரி சாமான் ஏத்துற வண்டிக்கான டயர். 94 வந்து சுமைக் குறியீடு, அதாவது ஒத்தை டயரா போட்டா ஒரு டயர் 670 கிலோ தாங்கும். சும்மா தெரிஞ்சு வச்சுக்கங்க, 79 போட்டிருந்தா 437 கிலோ, 82ன்னா 475, 88ன்னா 560, 91ன்னா 615, 100ன்னா 800. இதோட சேத்து மேக்ஸ் லோட், அதாவது கூடினபட்சம் தாங்குற எடை இவ்வளவு, இத்தனை பிஎஸ்ஐ இல்லாட்டி இத்தனை கேபிஏன்னு (ரெண்டும் காத்து அழுத்தத்தோட அளவு) ஒரு வரி இருக்கும், அதுதான் நமக்கு முக்கியமான வரி.

வெளிநாட்டுலேருந்து வந்த ட்ரெய்லர்னா சைஸுக்கு முன்னால எஸ்டின்னு எழுத்து இருக்கலாம், அது ட்ரெய்லருக்குன்னே செய்யிற டயர். அதுல லோட் ரேஞ்ச், அதாவது சுமை தாங்குற தரம், சின்னு இருந்தா 50 பிஎஸ்ஐ, டின்னா 65, ஈன்னா 80, வழக்கமா வர்றது இதுதான், ஆனாலும் உங்க டயர்ல எழுதியிருக்கிறதத்தான் நம்பணும்.

மேக்ஸ்னு எழுதியிருக்கே, அந்த அளவுக்கு அடிச்சா ஓடும்போது சூடாகி வெடிச்சிராதா?

வெடிக்காது. அந்த நம்பர் டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அளவு. ஓடும்போது சூட்டுல காத்து விரியும், பத்துல ஒரு பங்கு, சில நேரம் அதுக்கு மேலயும் கூடும், அதையெல்லாம் கணக்குல எடுத்துத்தான் டயர செய்யிறாங்க. 50 அடிச்ச டயர் ஓடி முடிச்சு 55, 57 காட்டினா பயப்படாதீங்க. அங்கதான் நிறைய பேர் கைய வைக்கிறாங்க, பிரஷர் ஏறிப்போச்சுன்னு கொஞ்சம் காத்த தொறந்து விடுறாங்க. விட்டீங்கன்னா டயர் குளிர்ந்த பெறகு 45ல நிக்கும், அடுத்த நாள் காத்து கொறைஞ்ச டயரோட மலை எறங்குவீங்க. சூடான டயர்லேருந்து காத்த விடவே கூடாது. இந்த ஒண்ண மட்டும் யார் சொன்னாலும் கேக்காதீங்க.

எப்பவும் மேக்ஸ்தான் அடிக்கணுமா, இல்ல சுமைக்கு ஏத்த மாதிரி கொறைக்கலாமா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு. எஸ்டி டயர் செய்யிறவங்க நிறைய பேர் சொல்றது, பக்கச் சுவர்ல என்ன இருக்கோ அதையே அடி, கொறைக்காத. ஏன்னா ட்ரெய்லர் எப்பவும் தாங்குற எடையோட விளிம்புல ஓடுற வண்டி, யாரும் எடை போட்டுப் பாக்குறதும் இல்ல. நியாயமான பேச்சு. உங்க டயர் எஸ்டி, ட்ரெய்லர் எவ்வளவு எடைன்னு உங்களுக்குத் தெரியாது, அப்படின்னா நானும் அதத்தான் சொல்வேன், மேக்ஸ் அடிச்சுட்டுப் போங்க.

ஆனா சின்ன ட்ரெய்லருக்கு சி டயர் போட்டிருக்கு, டயர் தாங்குறது ரொம்பக் கூட, ட்ரெய்லர் எடை கம்மி, அப்படின்னா 65 அடிச்சா ட்ரெய்லர் குழிக்குக் குழி துள்ளும், உள்ள இருக்கிற அலமாரி ஆணி எல்லாம் கழண்டு வரும், டயரும் நடுவுல மட்டும் தேயும். அந்த நேரம் கணக்கு போடலாம். ஒரு உதாரணம் பாப்போம். சாமான் எல்லாம் ஏத்தி ட்ரெய்லர் மொத்தம் 950 கிலோ. அதுல 75 கிலோ ஹூக் வழியா வேன் மேல உக்காருது. மிச்சம் 875 அக்ஸில் மேல. ரெண்டா பிரிச்சா ஒரு டயருக்கு 437. ஆனா தண்ணி டேங்கும் கிச்சனும் ஒரே பக்கம் இருக்கிறதால நிறுக்கும்போது ஒரு பக்கம் 470, மத்தப் பக்கம் 405ன்னு வருதுன்னு வைங்க. எப்பவும் கூடின பக்கத்ததான் எடுக்கணும், 470. டயர் 670 கிலோ தாங்கும், அதுக்கு 65 பிஎஸ்ஐ. 470ஐ 670ஆல பிரிச்சு 65ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 46 வரும். அது மொட்டைக் கணக்கு, அதுக்கு மேல ஒரு பத்து வீதம் கூட்டி 50ல வைங்க, ரெண்டு பக்கமும் அதே 50. மழைக்காலம், ஏத்தம் எறக்கம், எதிர்பாராம ஏத்துற சாமான் எல்லாம் நெனச்சு 55 வச்சாலும் தப்பில்ல. 46க்குக் கீழ மட்டும் போகவே கூடாது. கணக்கு போட்டு வர்ற எடை டயர் தாங்குறதுல எண்பது வீதத்த தாண்டிருச்சுன்னா கணக்க மூடி வச்சுட்டு நேரா மேக்ஸ் அடிங்க, முடிஞ்சா அடுத்த தடவ இன்னும் கூடத் தாங்குற டயரா வாங்குங்க.

ட்ரெய்லர எங்க கொண்டுபோய் நிறுக்கிறது?

லொறி நிறுக்கிற வேபிரிட்ஜ் எங்க இருக்கோ அங்க. கல்லுக்குவாரி, பழைய இரும்பு வாங்குற பெரிய கடை, சில பேக்டரி இந்த மாதிரி இடத்துல மரியாதையா கேட்டா நிறுத்துத் தருவாங்க. போகும்போது காலி ட்ரெய்லர கொண்டு போகாதீங்க, ட்ரிப்புக்கு எப்படிப் போவீங்களோ அப்படியே ஏத்திக்கிட்டுப் போங்க. முதல்ல ட்ரெய்லர் மட்டும் கழட்டி முழுசா, அப்புறம் வேன்ல மாட்டின மாதிரி ட்ரெய்லர் வீல் மட்டும் தட்டு மேல, அப்புறம் முடிஞ்சா ஒரு பக்க வீல் மட்டும். மூணு நம்பர் கிடைச்சா கணக்கு முடிஞ்சுது.

நிறுக்க வழியில்லன்னா கூட்டிப் பாருங்க, ஆனா நேர்மையா கூட்டுங்க. தண்ணி ஒரு லீட்டர் ஒரு கிலோ, 60 லீட்டர் டேங்க்னா 60 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர்ல 12.5 கிலோங்கிறது கேஸ் மட்டும்தான், இரும்போட எடை தனி, சிலிண்டர்லயே அடிச்சிருக்கும். பேட்டரி, நனைஞ்ச டென்ட், அரிசி, பிள்ளைங்க சைக்கிள், வர்ற வழியில வாங்குற மரக்கறி மூட்டை எல்லாம் எடைதான். வெலிமடை பக்கம் போயிட்டு கிழங்கும் லீக்ஸும் மூட்டையா வாங்கி ட்ரெய்லர்ல போடாம வர்றவங்க கம்மி.

13 ரிம்முக்குப் பொருந்துதுன்னு பழைய கார் டயர போடலாமான்னு கராஜ் பாஸ் கேக்குறார்.

வேணாம்னு சொல்லிருங்க. 155/80ஆர்13, 79 போட்ட கார் டயர் ரிம்முல நல்லாவே உக்காரும், பாக்க அந்த சி டயர் மாதிரியே இருக்கும். தாங்குறது 437 கிலோ. கார் டயர ட்ரெய்லருக்குப் போட்டா அந்தத் தாங்குற எடைய 1.1ஆல பிரிக்கணும்னு அமெரிக்காவுல ஒரு விதி இருக்கு, ஏன்னா ட்ரெய்லர் ஆடுறதும் சாயுறதும் பக்கவாட்டுல இழுபடுறதும் கூட. அப்படிப் பாத்தா 397 கிலோதான் மிச்சம். மேல போட்ட கணக்குல ஒரு பக்கம் 470. இங்க காத்த கூட அடிச்சு சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, சாதாரண கார் டயர் 36 பிஎஸ்ஐ கிட்டயே தாங்குற முழு எடைக்கு வந்துரும், அதுக்கு மேல எவ்வளவு அடிச்சாலும் தாங்குற எடை கூடாது.

கொழும்புல காத்து அடிச்சுட்டு நுவரெலியா ஏறினா உயரத்தால பிரஷர் கூடும்கிறாங்க, இன்னொருத்தர் குளிரால கொறையும்கிறார். எது சரி?

ரெண்டும் சரி.

கேஜ் காட்டுறது டயருக்கு உள்ள இருக்கிற காத்துக்கும் வெளிய இருக்கிற காத்துக்கும் உள்ள வித்தியாசம். கடல் மட்டத்துல வெளிக்காத்து 14.7 பிஎஸ்ஐ அழுத்துது. நுவரெலியா டவுன் கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், அங்க வெளிக்காத்து 11.8 பிஎஸ்ஐ அளவுதான். அதனால உயரத்தால மட்டும் கேஜ் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடக் காட்டும். மறுபக்கம் கொழும்புல 30 டிகிரியில அடிச்ச காத்து விடியக்காலம் நுவரெலியாவுல 12 டிகிரிக்குக் குளிர்ந்து சுருங்குது. 50 பிஎஸ்ஐ அடிச்ச டயர்ல இதால ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ கொறையும். 3 கூடி 4 கொறைஞ்சா 49. அவ்வளவுதான் வித்தியாசம். 32 அடிச்ச வேன் டயர் 32லயே நிக்கும், 65 அடிச்சது 63க்கு வரும். அப்புத்தளை, பண்டாரவளை உயரம் இதவிடக் கம்மி, குளிரும் கம்மி, அங்கயும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

அதனால மேல போறோம்னு கூட அடிக்கவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். சேந்த பெறகு மறுநாள் காலையில கேஜ் வச்சுப் பாருங்க, அங்க காட்டுறதுதான் அங்கத்த கணக்கு. தை மாசத்துல புல்லு மேல வெள்ளையா பனி உறையிற காலையில 5 டிகிரிக்கு வந்தா அந்த 50 டயர் 47, 48 காட்டும், அப்ப ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூட்டி விடுங்க. இதவிடக் கூடக் கொறைஞ்சிருந்தா அது குளிரோட வேலை இல்ல, ஆணியோ வால்வோ இருக்கு, தேடுங்க.

அப்படி நுவரெலியா குளிர்ல 50 ஆக்கிட்டு கொழும்புக்கு எறங்கினா அளவு தாண்டிராதா?

கீழ போய் டயர் ஆறின பெறகு, 12 டிகிரியில 50 வச்சது 51 காட்டும், 5 டிகிரியில 50 வச்சது 53 கிட்ட காட்டும். மேக்ஸே 50 போட்ட டயரா இருந்தாலும் அந்த ஒண்ணு, மூணு பிஎஸ்ஐக்காக எறங்குறதுக்கு முன்னாலயே காத்த விடாதீங்க, வீட்டுக்கு வந்து அடுத்த நாள் காலையில பாத்து சரி பண்ணிக்கலாம்.

ஏத்தத்துல டயர் கூட சூடாகுமா, எறக்கத்துலயா?

எறக்கத்துலதான், அதுவும் பிரேக்கால. இது மலையகத்துல ட்ரெய்லர் இழுக்கிற எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய விஷயம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நுவரெலியாவுலேருந்து ரம்பொடை, புசல்லாவை வழியா கம்பளைக்கு வரும்போது கிட்டத்தட்ட 1,400 மீட்டர் எறங்குறோம். எல்லயிலேருந்து வெல்லவாயவுக்கு 30 கிலோமீட்டருக்குள்ள 800 மீட்டருக்கு மேல எறக்கம். ஹட்டன்லேருந்து கினிகத்தேனை பக்கம் எறங்குறதும் லேசுப்பட்டதில்ல. இவ்வளவு எறக்கத்துல வண்டியையும் ட்ரெய்லரையும் பிடிச்சு நிறுத்துற வேலை முழுக்க சூடாத்தான் மாறுது. ட்ரெய்லருக்கு பிரேக் இருந்தா அந்த ட்ரம் சூடாகி, ரிம் சூடாகி, டயரோட விளிம்பு சூடாகுது. ட்ரெய்லருக்கு பிரேக் இல்லன்னா அதோட பங்கையும் வேன் பிரேக்தான் சுமக்குது, அப்ப வேனோட டயர் சூடாகும்.

காத்து சரியா இருக்கிற டயர் இந்தச் சூட்டத் தாங்கும். காத்து கொறைஞ்ச டயர்ல ஏற்கனவே நசுங்கி நிமிர்ந்து வந்த சூடு ஒரு பக்கம், பிரேக் சூடு இன்னொரு பக்கம், ரெண்டும் சேந்தா தாங்காது. அதனாலதான் எறங்குற அன்னைக்குக் காலையில காத்து பாக்குறத விடவே கூடாதுன்னு சொல்றேன். ஏறுற அன்னைக்கு எல்லாரும் பாப்பாங்க, திரும்பி வர்ற நாள் சாமான் கட்டுற அவசரத்துல மறந்துடுவாங்க.

எறங்கும்போது ஏறின அதே கியர்ல எறங்குங்க, என்ஜின் பிடிச்சு நிறுத்தட்டும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க. நடுவுல தண்ணி விழுற இடம், தேத்தண்ணிக் கடைன்னு நிறுத்துவீங்கதானே, எறங்கி ட்ரெய்லர் ரெண்டு வீலையும் பொறங்கைய கிட்ட கொண்டுபோய் பாருங்க, சூடா இருந்தா தொடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் கூட சூடா இருந்தா அந்தப் பக்கம் பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு, இல்லாட்டி பெயாரிங் போகுது, இல்லாட்டி டயர்ல காத்து கொறைவு. மூணுல எதுன்னு பாக்காம அங்கேருந்து கிளம்பாதீங்க. சூடா இருக்கிற வீல் மேல ஓடைத் தண்ணிய அள்ளி ஊத்துறதும் வேணாம், ட்ரம் வெடிப்பு விழும், தானா ஆறட்டும்.

காலையிலதான் பாக்கணுமா?

டயர் குளிர்ந்திருக்கணும், அதுதான் கணக்கு. குறைஞ்சது மூணு மணித்தியாலம் நின்னிருக்கணும், வெயில் ஒரு பக்க டயர்ல மட்டும் அடிக்கிற மாதிரி நிக்கக் கூடாது. விடியக்காலம் கிளம்புறதுக்கு முன்னாலங்கிறது இதுக்கு வசதி.

வழியில காத்து எறங்கினது தெரியுது, டயர் சூடா இருக்கு. அப்ப எவ்வளவு அடிக்கிறது?

மத்தப் பக்க டயர கேஜ் வச்சுப் பாருங்க. அது 56 காட்டினா இதையும் 56 ஆக்குங்க, மறுநாள் காலையில ரெண்டையும் 50க்குக் கொண்டு வாங்க. ஆனா சூடா இருக்கும்போதே 40க்குக் கீழ காட்டினா, அதாவது அடிச்சதுல அஞ்சுல ஒரு பங்கு போயிருந்தா, அந்த டயர் உள்ளுக்குள்ள அடிபட்டிருக்கலாம். காத்து மட்டும் அடிச்சுட்டு ஓடாதீங்க, ஸ்பெயார மாட்டுங்க, அதக் கழட்டி உள்பக்கம் பாக்கச் சொல்லுங்க. உள்ள ரப்பர் தூள் கொட்டினா, பக்கச் சுவர்ல சுருக்கம் விழுந்திருந்தா அந்த டயர் முடிஞ்சுது.

தோட்டத்து ரோடு கல்லும் குழியுமா இருக்கு, காத்த கொஞ்சம் கொறைச்சா குலுக்கம் கொறையுமே?

ஜீப்புக்கு அப்படிச் செய்யிறாங்க, உண்மைதான். ட்ரெய்லருக்கு வேணாம். கொறைஞ்ச காத்துல கூரான கல்லு ஏறினா டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி பக்கச் சுவர்ல வெட்டு விழும், பக்கச் சுவர் வெட்ட யாரும் ஒட்டித் தர முடியாது. கொறைச்சுட்டுத் திரும்ப மெயின் ரோட்டுக்கு வந்ததும் அடிக்க கையில பம்ப் இருக்கணும், அந்தக் கிட்ட செட்டும் இருக்காது. காத்துல கை வைக்காம வேகத்த மட்டும் கொறைங்க, நடக்கிற வேகத்துல போனா போதும். குலுக்கம் தாங்கலன்னா சாமான கீழ, அக்ஸிலுக்குக் கிட்ட வைங்க.

ரெண்டு அக்ஸில் ட்ரெய்லர், கொண்டை ஊசி முடக்குல டயர் அப்படியே வளையுதே?

ஆமா, இறுக்கமான முடக்குல நாலு டயரும் ஒரே வட்டத்துல உருள முடியாது, பக்கவாட்டுல இழுபடும். அந்த இழுப்ப பக்கச் சுவர்தான் தாங்குது. காத்து கொறைஞ்சிருந்தா டயர் ரிம்ம விட்டே நழுவலாம். ரெண்டு அக்ஸிலுக்கு காத்து கொறைக்கிற பேச்சே வேணாம், முடக்க முடிஞ்ச அளவு அகலமா எடுங்க.

நைட்ரஜன் அடிச்சா நல்லதா?

கெடுதல் இல்ல. சாதாரண காத்துலயே 78 வீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் ஈரமில்லாததா இருக்கும், அதுதான் லாபம். நம்ம மழை மண்ணுல கம்ப்ரஸர் டேங்க்ல தண்ணி சேரும், அத வடிக்காத கடையில காத்தோட ஈரமும் டயருக்குள்ள போகும், ரிம் துருப்பிடிக்கும், சூட்டுல பிரஷரும் கூட ஏறி எறங்கும். காத்து அடிக்கிறதுக்கு முன்னால ஹோஸ ஒரு தடவ வெறுமனே தொறந்து கையில பிடிச்சுப் பாருங்க, தண்ணி தெறிச்சா வேற கடைக்குப் போங்க. நைட்ரஜன் அடிச்ச டயர்ல அவசரத்துக்கு சாதாரண காத்து அடிக்கலாம், ஒண்ணும் ஆகாது.

செட்ல இருக்கிற கேஜ நம்பலாமா?

சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வண்டியில வைங்க. எல்லா டயரையும் எப்பவும் அந்த ஒரே கேஜ்லயே பாத்தா செட்டுக்கு செட்டு மாறுற குழப்பம் இல்ல. 65 அடிக்கிற டயர்னா 100 பிஎஸ்ஐ வரைக்குமாவது காட்டுற கேஜா இருக்கணும். வேற அளவுல எழுதியிருந்தா, 100 கேபிஏன்னா 14.5 பிஎஸ்ஐ, ஒரு பார்னாலும் அதே 14.5. 345 கேபிஏ போட்டிருந்தா 50, 450 போட்டிருந்தா 65.

செட்ல உள்ள தம்பிகிட்ட, இது ட்ரெய்லர் தம்பி, 50 வைங்கன்னு முதல்லயே சொல்லிருங்க. அவர் கூடிப்போச்சு சேர்னு தயங்குவார், அவர் மேல குத்தமில்ல, நாள் முழுக்க கார் டயரத்தான் பாக்குறார். பக்கச் சுவர்ல இருக்கிற வரிய காட்டுங்க.

வால்வு பத்தி ஏதாச்சும் பாக்கணுமா?

பாக்கணும், யாரும் பாக்குறதில்ல. கார் ரிம்முல இழுத்துப் போடுற சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதுக்கு மேல அடிக்கிற டயருக்கு உலோக வால்வோ கூட பிரஷர் தாங்குற வால்வோ போடணும். டயர் மாத்தும்போதெல்லாம் வால்வையும் மாத்துங்க, சின்னச் செலவுதான். ரிம்முக்கும் ஒரு அளவு இருக்கு, பழைய கார் ரிம்முல 80 அடிக்கிற டயர போட்டு ஓட்டாதீங்க. வால்வு மூடி இல்லாம சேத்து ரோட்டுல போகாதீங்க.

டயர் பட்டன் எல்லாம் நல்லா இருக்கு, ஆனா பழசு. ஓட்டலாமா?

ட்ரெய்லர் டயர் தேஞ்சு சாகுறது கம்மி, வயசாகித்தான் சாகுது. வருசத்துல சில வாரம் ஓடும், மிச்ச நாள் வெயில்லயும் மழையிலயும் நிக்கும். பக்கச் சுவர்ல டிஓடி எழுத்துக்குக் கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருசம் 23ஆவது கிழமை செஞ்சது. அஞ்சு ஆறு வருசம் தாண்டினா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்துங்க. பக்கச் சுவர்ல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அதுக்கும் முன்னாலயே. புது டயர்னு வாங்கும்போதும் இந்த நம்பர பாத்துத்தான் காச குடுக்கணும்.

தேயிற விதத்த வச்சு காத்து சரியான்னு சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கொறைவு, நடுவுல தேஞ்சா கூட. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா காத்துல பிரச்சினை இல்ல, அக்ஸில் வளைஞ்சிருக்கு, கராஜுக்குக் கொண்டு போங்க.

ட்ரெய்லர் மாட்டினா வேனோட டயருக்கும் கூட அடிக்கணுமா?

பின் டயருக்கு, ஆமா. ஹூக்ல உக்காருற 75 கிலோ வேனோட பின் அக்ஸிலுக்குப் பின்னால இருக்கிறதால அது நெம்பி இன்னும் கூட அழுத்தும். கதவோரத் தகட்டுல ஆள் கம்மிக்கு ஒண்ணு, முழுச் சுமைக்கு ஒண்ணுன்னு ரெண்டு அளவு போட்டிருந்தா முழுச் சுமை அளவ எடுங்க. பின் டயர்ல காத்து கொறைஞ்சா வேனோட பின்பக்கம் நெளியும், ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், காத்து வீசுற எறக்கத்துல அது கைக்கு அடங்காது.

வால்வுல மாட்டுற சென்சார் வாங்கலாமா?

வாங்குங்க. ட்ரெய்லருக்கு செலவு பண்றதுல இத முதல்ல வைப்பேன். வால்வு மூடிக்குப் பதிலா திருகி விடுறது, பிரஷரும் சூடும் ரெண்டும் முன்னால டாஷ்போர்ட்ல தெரியும். முடக்குல மூணாவது கியர்ல ஏறிக்கிட்டு இருக்கும்போது பின்னால மெதுவா காத்து எறங்குறத வேற எந்த வழியிலயும் உங்களால கண்டுபிடிக்க முடியாது. நீளமான ட்ரெய்லர்னா சிக்னல் எடுக்குதான்னு பாத்து வாங்குங்க.

ட்ரிப் முடிஞ்சு மாசக்கணக்குல நிறுத்தி வைக்கிறப்ப?

அடுத்த ஏப்ரல் சீசன் வரைக்கும் நிக்கப் போகுதுன்னா மேக்ஸ் அளவுக்கு அடிச்சு, முடிஞ்சா ஜாக் போட்டுத் தூக்கி, அக்ஸிலுக்குக் கீழ கட்டை வச்சு டயர் நிலத்துல அழுந்தாம வைங்க. ஈரப் புல்லு மேல வேணாம், பலகை போடுங்க. வெயில் படாம டயர சாக்கால மூடுங்க. ஓட்டை ஒண்ணும் இல்லாத டயர்லயே மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ தானா போகும், அதனால வெளிய எடுக்கிற அன்னைக்குத் திரும்பப் பாக்கணும்.

ஸ்பெயார் டயருக்கு?

மேக்ஸ் அடிச்சு வைங்க. நடு மலையில காத்த கொறைக்க வால்வ அழுத்தினா போதும், கூட்டுறதுக்குத்தான் பம்ப் வேணும். ட்ரெய்லர் டயரும் வேன் டயரும் நட்டு ஓட்டை ஒண்ணாயிருந்தாலும் தாங்குற எடை ஒண்ணா இருக்காது, அதனால ட்ரெய்லருக்குத் தனி ஸ்பெயார் வேணும். மாட்டினதும் ஒரு முப்பது நாப்பது கிலோமீட்டர் ஓடி நிறுத்தி நட்ட திரும்ப இறுக்குங்க. ஜாக்க வீட்டுலயே ஒரு தடவ ட்ரெய்லருக்குப் போட்டுப் பாத்துட்டுக் கிளம்புங்க, வேன் ஜாக் ட்ரெய்லர் அக்ஸிலுக்கு எட்டாம போறது உண்டு.